வீட்டாரின் பெயர்

தஞ்சம் உறுதியான கடிதத்தோடு வருகிற எங்கள் ஆப்கானிய ஹசாரா ஆண்கள் என் மேசையில் முதலில் வைப்பது பாதாம் பருப்புப் பொட்டலம். அடுத்து வைப்பது தலைவலி. பொட்டலத்தைப் பிரித்து ஆபீஸில் எல்லாருக்கும் கொடுத்துவிடுவேன். தலைவலியில் பங்கு கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

கடிதம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். படகில் ஏறினோம், கடலில் சாகவில்லை, முகாமில் பைத்தியம் பிடிக்கவில்லை, தற்காலிக விசா கொடுத்தார்கள், அது முடிந்ததும் இன்னொரு தற்காலிக விசா, கடைசியில் நிரந்தரம். இனிமேல் கம்பளத்தை விரித்துப் போட்டுப் படுக்க வேண்டியதுதான் என்று ஒரு முகம். "தம்பி, வேலையே இனிமேதான் ஆரம்பிக்குது" என்று நான் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மெல்பர்ன் ஓரத்து டாண்டினாங்கில் அகதிகளுக்கான இந்த உதவி அலுவலகத்தில் உட்கார்ந்து எனக்குத் தலை நரைத்ததே இதைச் சொல்லிச் சொல்லித்தான்.

பராத் அலியும் அப்படித்தான் வந்தான். டைல்ஸ் ஒட்டுகிறவன். முழங்கால் இரண்டும் போய்விட்டன; நாற்காலியில் உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவான். நாலு வயது மகளையும் மனைவியையும் பாகிஸ்தானில் குவெட்டாவில் விட்டுவிட்டுப் படகேறியவன். தற்காலிக விசாக்காரனுக்குக் குடும்பத்தை அழைக்கும் உரிமை கிடையாது என்பதால் அந்த மகள் தொலைபேசித் திரைக்குள்ளேயே வளர்ந்து பள்ளிக்கூடம் போய், கண்ணாடி போட்டு, அப்பாவை அதட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். வீடு மாறினால் உடனே தெரியப்படுத்து. மருத்துவ அட்டையைப் புதுப்பி. பாஸ்போர்ட் இப்போது வராது, அகதிப் பயண ஆவணத்துக்கு எழுதிப் போடு. அது வந்ததும் துள்ளிக் குதித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடாதே. எந்த ஊரில் உயிருக்கு ஆபத்து என்று சொல்லித் தஞ்சம் வாங்கினாயோ அங்கே மாமியார் செத்தாலும் போகக்கூடாது. குடியுரிமைக்கு வேண்டிய ஆங்கிலத்தை இன்றைக்கே படிக்க ஆரம்பி. பராத் அலி மசூதியில் பிரசங்கம் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். முடித்ததும் சொன்னான்:

"அதெல்லாம் சரிக்கா. நம்ம வீட்டைக் கூட்டிட்டு வரணும்."

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மனைவி என்றால் வீடு. வீட்டார். இல்லையென்றால் பிள்ளைகளின் அம்மா. பெயர் என்று ஒன்று அவளுக்கு இருப்பது ரகசியம்.

நான் கம்ப்யூட்டரில் குடும்ப விண்ணப்பத்தைத் திறந்தேன்.

"பேரு என்ன?"

"யாரு பேரு?"

"என் பேரா? உன் பொண்டாட்டி பேரு."

காது சிவந்துவிட்டது அவனுக்கு. "பரீசாவோட அம்மா."

"அதை இந்த மிஷின் எடுக்காது."

"வீட்டார்னு போட்டுப் பாருங்களேன்."

"தம்பி, எனக்கு வெளியில இன்னும் ஏழெட்டுப் பேர் காத்துட்டு இருக்காங்க. வாயைத் திறந்து சொல்லு."

"அதான்க்கா, வெளியில ஆள் இருக்காங்க."

கடைசியில் பாதாம் பொட்டலத்தின் ஓரத்தைக் கிழித்து, பென்சிலால் குட்டியாக எழுதி, மடித்து, மேசைமீது என் பக்கமாகத் தள்ளினான். பிரித்தேன். தாவூஸ். மயில் என்று பெயர் வைத்த தகப்பனுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! கட்டிக்கொண்டவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் கல்யாணப் பத்திரிகையிலேயே என் பெயர் கிடையாது; ஹாஜி இன்னாரின் மகள் என்றுதான் அச்சடித்தார்கள். ஆனால் இந்த ஆபீஸில் உட்கார்ந்ததிலிருந்து ஊரில் உள்ள அத்தனை ஆணும் "சாபிரா அக்கா, சாபிரா அக்கா" என்று தெருவுக்குக் கேட்கக் கூப்பிடுகிறான். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவளுக்கு வெட்கம் வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார்கள் போல.

விண்ணப்பம் போனது. டைல்ஸ் ஒட்டிச் சேர்த்ததெல்லாம் கட்டணத்துக்குப் போனது. அப்புறம் காத்திருந்தோம்.

காத்திருந்த அந்தக் காலத்தில்தான் பாகிஸ்தானில் எங்கள் ஆட்களைப் பிடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ள ஆரம்பித்தார்கள். சீட்டு இல்லாத ஆப்கானியர் எல்லாரும் வெளியே போ என்று உத்தரவு. பராத் அலியின் மனைவியும் மகளும் இருந்த தெருவில் வீடு வீடாகப் போலீஸ் வந்தது. அடுத்த அறையில் குடியிருந்த குடும்பத்தை லாரியில் ஏற்றிச் சமன் எல்லை வாயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இவர்கள் இருவரும் ஒரு தூரத்து உறவினர் வீட்டுப் பின்கட்டுக்கு மாறினார்கள். பரீசா வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, தெருவில் இறங்கி நடக்கவும் வழி கிடையாது. ஆண் துணையும் இல்லை, அதிலும் அங்கே ஆள்கிறவர்களுக்கு ஆகாத சிறுபான்மை ஹசாராப் பெண்கள். பராத் அலி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிமெண்ட் கையோடு வந்து வாசலில் நின்று, "ஏதாவது வந்துச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவான். வரவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது.

பிறகு ஒருநாள் வந்தது. மின்னஞ்சலைப் படித்தேன். மறுபடி படித்தேன். உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"டேய், யாருடா குலாந்தாம்?"

அந்தப் பக்கம் டைல்ஸ் அறுக்கிற மிஷின் சத்தம் நின்றது.

"உன்னைத்தான் கேக்கிறேன். படகுல வந்து இறங்கின கிறிஸ்துமஸ் தீவுல முதல் விசாரணையில உன் பொண்டாட்டி பேரு குலாந்தாம்னு சொல்லியிருக்க. இப்போ தாவூஸ்ங்கிற. ரெண்டு பொண்டாட்டியா உனக்கு? பரீசா யாரு பிள்ளை? அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யான்னு கேக்கிறாங்க. ஒரு மாசத்துக்குள்ள பதில் வேணுமாம்."

"அக்கா, நேர்ல வரேன்" என்றான்.

வந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தலையை நிமிர்த்தவேயில்லை.

"அன்னைக்கு மொழிபெயர்க்க உக்காந்திருந்தது சஃப்தர் ஹாஜி, அக்கா. நம்ம பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர். எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவர். அவர் முன்னாடி எப்படிக்கா நம்ம வீட்டுப் பேரைச் சொல்றது? நாளைக்கு ஊர்ல போய்…"

"அதுக்கு?"

"வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிட்டேன். அப்போ ரேடியோவுல ஒரு நாடகம் வரும். அதுல வர்ற பொண்ணு."

"ரேடியோவுல வர்ற பொண்ணைப் பொண்டாட்டின்னு கவர்மெண்டுல எழுதி வெச்சிருக்க."

"ரொம்ப நல்ல பொண்ணுக்கா அது. மரியாதையா நடந்துக்கும்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். உள்ளேயே இருந்திருந்தால் அவன் தலையில் எதையாவது போட்டிருப்பேன். எங்கள் ஜனத்தைத் தவிர உலகத்தில் வேறு யாருக்காவது இந்தப் புத்தி வருமா? கடலில் மூழ்கிச் சாகவிருந்தவன், கரை ஏறி இரண்டாம் நாள், ஈரம் காயாத துணியோடு உட்கார்ந்து மனைவியின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அந்த மானம் இப்போது அவளை லாரியில் ஏற்றப் பார்க்கிறது.

எங்கள் அலுவலகத்துக்கு வாரம் ஒருமுறை வருகிற வக்கீல் கெய்ட்லின். சின்ன வயது, ஆனால் கெட்டிக்காரி, வீண் ஆறுதல் சொல்ல மாட்டாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "மரபணுச் சோதனை செய்யலாம். மகள் இவர்கள் இருவருக்கும் பிறந்தவள் என்று அது சொல்லும். ஆனால் குலாந்தாம் என்று இன்னொருத்தி இல்லை என்று சொல்லாது" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இவர் பழைய விசாரணையில் பொய் சொன்னார் என்று முடிவு கட்டினால் இவருடைய சொந்த விசாவையே தோண்ட ஆரம்பிக்கலாம்" என்றும் சொன்னாள். பராத் அலிக்கு நான் இதை மொழிபெயர்த்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "என்னை அனுப்பினா அனுப்பட்டும். அவங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு வழி இருக்கா?"

மனைவி பெயரைச் சொல்லாமல் இருப்பது எங்கள் வழக்கம், இவன் ஏமாற்றவில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் உதவும் என்றாள் கெய்ட்லின். இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன். ஆயிரக்கணக்கில் ஹசாராக்கள் இருக்கிற ஊர். அத்தனை பேர் வீட்டிலும் இதே கதைதான்.

தாமஸ் தெருவில் ரொட்டிக் கடை இருக்கிறது. வேலை முடிந்து ஆண்கள் அங்கேதான் பச்சைத் தேநீரோடு உட்காருவார்கள். பராத் அலியை இழுத்துக்கொண்டு போனேன். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. மூலையில் சஃப்தர் ஹாஜியே உட்கார்ந்திருந்தார். நல்லதாகப் போயிற்று என்று நேராக அவரிடமே போனேன்.

"ஹாஜி, இவன் விஷயம் உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாம என்னம்மா. அன்னைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"குலாந்தாம்னு எங்க பக்கத்துல யாருக்கும் பேரு கிடையாது. ரேடியோவுல வந்த பொண்ணுக்குத்தான் உண்டு. அந்த நாடகத்தை நானும்தானே கேட்டேன்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா!"

"மொழிபெயர்க்கிறவன் வேலை சொன்னதைச் சொல்றது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது." தேநீரை ஒரு வாய் குடித்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன். மானஸ்தன்டா இவன்னு அன்னைக்கு மனசுக்குள்ள நெனச்சேன்."

"சரி. அதையே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

"அது முடியாதும்மா. அங்க கேட்டதை வெளியில சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"இப்போ இந்தக் கடையில அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே!"

"இது நம்மளுக்குள்ள."

திரும்பி மற்றவர்களைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க. நம்ம ஆம்பளைங்க யாராவது அந்நிய ஆள் முன்னாடி பொண்டாட்டி பேரைச் சொல்லுவாங்களா?"

எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். சேச்சே, அது எப்படி. எங்க அப்பா காலத்துலயும் கிடையாது. டாக்டர்கிட்டயே சொல்ல மாட்டோமே. அவன் செஞ்சது சரிதான். ஒருவர் பராத் அலியின் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

"நல்லது. அதை எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

தாளை எடுத்ததும் கடையில் ரொட்டி சுடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவருக்குப் போன் வந்தது. மணி அடிக்காமலே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். முதுகில் தட்டியவர் கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார், கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. வெறும் தாளோடு வெளியே வந்தேன். கோழைகள், பேச்சுக்கு மட்டும் ஆள் கணக்கில் இருக்கிறார்கள் என்று தெரு முழுவதும் திட்டிக்கொண்டே நடந்தேன்.

"விடுங்கக்கா, அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல" என்றான் பராத் அலி. அவன் அப்படிச் சொன்னது இன்னும் எரிந்தது.

மறுநாள் காலை ஆபீஸைத் திறந்தால் முதுகில் தட்டியவர் வாசலில் நிற்கிறார். கையில் பாதாம் பொட்டலம். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒரு சின்ன விஷயம்" என்றார். அவர் முதல் விசாரணையில் மனைவி பெயராகத் தன் அத்தை பெயரைச் சொல்லியிருந்தாராம். மனைவியின் விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் இருக்கிறதாம். அவர் போனதும் போன் வந்தவர் வந்தார். அதற்கடுத்து கடிகாரம் பார்த்தவர். ஒருவர் எதுவும் தோன்றாமல் ஃபாத்திமா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் மனைவி பெயர் என்னவென்று என்னிடமும் சொல்ல மாட்டேன் என்றார். இப்படித் தப்பாகச் சொன்ன ஆளெல்லாம் கையெழுத்துப் போட்டால் அடுத்து எங்கே இடிக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த வாரம் முழுக்க ஆபீஸில் பாதாம் குவிந்தது. தின்ன ஆளில்லை.

கெய்ட்லினிடம் கையை விரித்தேன். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அப்படியானால் தாளை விட்டுவிடலாம். இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரிக்கச் சொல்லிக் கேட்போம். அவரே தன் வாயால் சொல்லட்டும்."

அவன் வாயாலா?

விசாரணை போன் வழியாக நடந்தது. எங்கள் ஆபீஸ் பின்னறையில் ஒலிபெருக்கியைப் போட்டு, பராத் அலி நடுவில், கெய்ட்லின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தேன். போனில் ஒரு ஆண் குரல் வந்தது. "சலாம் அலைக்கும், நான்தான் மொழிபெயர்ப்பாளர்." அச்சு அசலாக எங்கள் பக்கத்துப் பேச்சு. பராத் அலியின் முகம் தொங்கிவிட்டது. பெண்கள் யாரும் அன்றைக்குக் கிடைக்கவில்லை என்றார் விசாரணை அதிகாரி. அவர் ஒரு பெண். கூட இருப்பவர்கள் வாயைத் திறந்தால் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் பணிவாகச் சொன்னார். அது என்னைப் பார்த்துச் சொன்னதுபோலவே இருந்தது.

ஊர், தகப்பன் பெயர், வந்த வருஷம், எல்லாம் சரியாகப் போனது. பிறகு கேட்டார்: "உங்கள் மனைவியின் பெயர் என்ன?"

மொழிபெயர்ப்பாளன் அதை அப்படியே சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வந்து… மன்னிச்சுக்கோங்க அண்ணே. உங்க வீட்டார் பேரைக் கேக்குறாங்க" என்றான்.

பராத் அலி தண்ணீர் குடித்தான். தம்ளரை வைத்தான். நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினான். அதிகாரி இன்னொரு முறை கேட்டார். சொல்லித் தொலையேன், ஒரே ஒரு சொல், பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும் என்று எனக்கு உள்ளே கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து கத்தினால் அவளுக்கு விசா போய்விடும். குவெட்டாவில் ஒரு பின்கட்டில் இரண்டு பெண்கள் இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள், இந்த மனுஷன் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

"தாவூஸ்" என்றான். எனக்கே கேட்கவில்லை.

"மன்னிக்கவும், காதில் விழவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்ல முடியுமா?"

"தாவூஸ்!" என்று கத்தினான். வெளியே காத்திருந்த ஆண்களின் பேச்சு பட்டென்று அடங்கியது. வியர்வை அவன் தாடியில் வழிந்தது. "ஏவாஸ் அலியோட பொண்ணு. இடது புருவத்துல தந்தூர் சுட்ட தழும்பு இருக்கும். ஒரே பொண்டாட்டி. வேற யாரும் இல்ல. குலாந்தாம் ரேடியோவுல வந்த பொண்ணு. எழுதிக்கோங்க."

ரேடியோ எங்கிருந்து வந்தது என்று விளங்கவைக்கவே நெடுநேரம் ஆனது. அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி. வீட்டில் உங்கள் மனைவியை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்றார்.

"கூப்பிட மாட்டேன்."

"கூப்பிட மாட்டீர்களா? அவர் உள்ளே இருக்கிறார், நீங்கள் வெளியே இருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?"

"இருமுவேன்."

போனில் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு தடவை இருமுவேன்" என்று அவனாகவே விளக்கினான். "எங்க அப்பா ஒரு தடவை இருமுவார். அதனால நான் ரெண்டு. அவளுக்குத் தெரியும்."

கெய்ட்லின் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்து, கடைசிக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் வேண்டியிருந்த இடத்தில் இருமுவேன் என்கிறானே! என் உயிரே, என் கண்ணே என்று ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? பொய் சொல்லக் கூடாத இடத்தில் சொன்னவன்தானே.

"எல்லாம் போச்சு" என்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். சாயங்காலம் பரீசா வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் சுவரில் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"சாபிரா அத்தை, அம்மாவையும் இன்னைக்கு விசாரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு."

"ஏன், என்ன கேட்டாங்க?"

"அப்பா உன்னை வீட்ல எப்படிக் கூப்பிடுவாருன்னு கேட்டாங்க. இவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? கூப்பிட மாட்டாரு, இருமுவாருன்னு! அதோட விட்டாங்களா? எங்க மாமனார் ஒரு தடவை இருமுவாரு, இவரு ரெண்டு தடவைன்னு ஒரே விளக்கம். மொழிபெயர்க்கிற ஆளே சிரிச்சுட்டான். அத்தை? அத்தை, ஏன் அழுறீங்க?"

நான் அழவில்லை என்றேன். பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது: "கேளுடி அவங்ககிட்ட. என் பேரை நெஜமாவே சொன்னாரா?"

"கத்தியே சொன்னாரு, தாவூஸ்" என்றேன்.

பரீசாவின் தோளுக்குமேல் அவள் அம்மா எட்டிப் பார்த்தாள். "அதைக் காதால கேட்ட அந்த வெள்ளைக்காரம்மா குடுத்து வெச்சவங்க" என்றாள்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் மருத்துவச் சோதனை என்றார்கள், கைரேகை என்றார்கள், ஒரு கேள்வியையே மூன்று விதமாகக் கேட்டார்கள். விசா வந்த பிறகு பாகிஸ்தானை விட்டு வெளியேற அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அங்கே ஒரு அலைச்சல். இதற்கிடையில் அந்தத் தெருவுக்குப் போலீஸ் இரண்டு முறை வந்து போனது. பராத் அலியின் தலை இந்த அலைச்சலில்தான் வெளுத்தது. என் பொறுமையும் அப்போதுதான் தீர்ந்தது, இன்னும் திரும்பி வரவில்லை.

விமானம் வந்த நாள் மெல்பர்ன் விமான நிலையத்துக்கு ரொட்டிக் கடையே கிளம்பி வந்துவிட்டது. கையெழுத்துப் போடாதவர்கள் எல்லாரும் பூங்கொத்தோடு முன்வரிசையில் நின்றார்கள். சஃப்தர் ஹாஜி கோட்டு போட்டிருந்தார். பராத் அலி புதுச் சட்டையில் மடிப்பு கலையாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்தார்கள். பிறகு கண்ணாடி போட்ட ஒரு பெண் தள்ளுவண்டியோடு வந்தாள், கூடவே சாம்பல் நிறச் சாதர்ப் போர்வையில் குள்ளமாக ஒருத்தி. எங்களைப் பார்க்கவில்லை. கூட்டத்தைக் கண்டு மிரண்டு, எதிர்ப்பக்கமாகத் திரும்பி, டாக்சி நிற்கிற வாசலை நோக்கி இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள்.

"கூப்பிடுடா!" என்றேன். "போறாங்க பாரு!"

பராத் அலி கம்பிமேல் சாய்ந்து எக்கினான். அப்புறம் அத்தனை ஆண்கள் நடுவில், சஃப்தர் ஹாஜி பக்கத்தில் நிற்க, வாயைக் குவித்துக்கொண்டு கூப்பிட்டான்.

"தாவூஸ்!"

முன்வரிசை முழுக்கத் தரையைப் பார்த்தது. வழியில் போன யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாக, "தாவூஸ்! தாவூஸ்!" என்றான். அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். அந்தக் குரலில் அந்தப் பெயரை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அது தன்னைக் கூப்பிடுவது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு சொல்லுக்காக இத்தனை காலம் அலைந்தோமே, கடைசியில் இது எதற்கும் உதவவில்லையே என்று எனக்கு அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பராத் அலி என்னைப் பார்த்தான். கம்பியைவிட்டுக் கையை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டான். இரண்டு தடவை இருமினான்.

அவ்வளவு இரைச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. அவள் நின்றுவிட்டாள்.